பேச்சியம்மாள் கேட்ட பேப்பர்

போன வாரம் சாயங்காலம் ஒரு தம்பி போன் பண்ணினான். பக்கத்து ஊர் மில் ஒன்றில் யூனியன் பொறுப்பில் இருக்கிறானாம். "அண்ணாச்சி, பென்ஷன் திட்டத்த மாத்தப் போறாங்கன்னு ஒரே பேச்சாக் கெடக்கு. ரிட்டயர் ஆகும்போது மொத்தமா வாங்கிக்கிடுதது நல்லதா, மாசாமாசம் வாங்குதது நல்லதா? ஆளுக்கொண்ணு சொல்லுதான். நீங்க அந்தக் காலத்துலயே இதெல்லாம் பாத்த ஆளுல்லா? கேட் மீட்டிங்ல வந்து ஒரு அஞ்சு நிமிஷம் பேசணும்" என்றான்.

எனக்குச் சுள்ளென்று வந்தது. அஞ்சு நிமிஷமாம்! ராத்திரி டிவியைப் போட்டால் நாலு பேர் உட்கார்ந்து, "வயசானவங்க தொகை கூடிக்கிட்டே போகுது, நாடு இந்தச் சுமையை எப்படித் தாங்கும்" என்று கவலைப்படுகிறார்கள். சுமை என்று அவர்கள் சொல்வது என்னைத்தான். நானும் மாத்திரையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். வீட்டில் அவள், "அந்தச் சவத்த அணைச்சிட்டு வந்து படுங்க" என்கிறாள்.

தம்பியிடம் அஞ்சு நிமிஷத்தில் சொல்ல முடியாததை இங்கே எழுதி வைக்கிறேன். உயிரோடு இருக்கிற தொழிலாளிக்கும் மாசப் பென்ஷன் என்பது எங்கள் மாதிரி மில்களுக்கு ரொம்பப் பின்னால் வந்த சங்கதி. இது அதற்கு முன்னால் நடந்தது.

எழுபதுகளின் தொடக்கத்தில் நான் வேலைக்குச் சேர்ந்தேன். மேலகரத்திலிருந்து குற்றாலம் போகிற பாதையில் எங்கள் நூல் மில். டைம் ஆபீஸ் கிளார்க் வேலை. சங்கு ஊதும் முன்னால் ஜன்னலைத் திறந்து டோக்கனை வாங்கிப் போட வேண்டும். யார் வந்தான், யார் லீவு, யாருக்குப் பிராவிடண்ட் பண்டில் எவ்வளவு பிடித்தம் என்று எழுத வேண்டும். ஆறு மாசத்தில் யாரும் பழகிக்கொள்கிற வேலைதான். எனக்குப் பழகாமல் போனது எங்கள் லேபர் ஆபீசர் ஞானப்பிரகாசம் சாரின் முறை ஒன்றுதான்.

அவர் சுரண்டைக்காரர். வெள்ளைச் சட்டை, வாயில் எப்போதும் ஒரு கிராம்பு. சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதே இல்லை. தொழிலாளி யாராவது மேஜைக்கு முன்னால் வந்தால் எழுந்து நின்றுவிடுவார். அவன் உட்கார்ந்தால்தான் இவர் உட்காருவார். ஆபீசர் முன்னால் எந்தத் தொழிலாளி உட்காருவான்? ரெண்டு பேரும் நின்றுகொண்டே பேசி முடிப்பார்கள். எந்தப் பேப்பரானாலும் முதலில் அவரே வாசிப்பார், அப்புறம் இன்னொரு தடவை வாசிப்பார். வாசித்துவிட்டு, "நீ என்ன வெளங்கிக்கிட்டன்னு எனக்குச் சொல்லு பாப்போம்" என்பார். அவன் தன் வாயால் சரியாகச் சொல்லும் வரைக்கும் பேனா மூடியைத் திறக்க மாட்டார். போனஸ் பேப்பருக்கும் இதே கதை, காலுறை வாங்கியதற்கும் இதே கதை. வெளியே வரிசை கேட் வரைக்கும் நிற்கும். எனக்கு மண்டை காய்ந்து போகும்.

அந்தச் சமயத்தில்தான் குடும்பப் பென்ஷன் திட்டம் வந்தது. விஷயம் இவ்வளவுதான். பிராவிடண்ட் பண்டில் பிடிக்கிற பணத்தில் கொஞ்சத்தை எடுத்துத் தனியாகப் போடுவார்கள். வேலையில் இருக்கும்போதே ஆள் தவறிவிட்டால் அவன் மனைவிக்கு மாசாமாசம் பென்ஷன் வரும். தவறாமல் ரிட்டயர் ஆகிவிட்டால் பேருக்கு ஒரு சின்னத் தொகை கையில் கிடைக்கும், அதோடு சரி. புதிதாகச் சேருகிறவனுக்கு இது கட்டாயம். ஏற்கெனவே இருப்பவன் விருப்பம் போல எழுதிக் கொடுக்கலாம், ஆனால் கெடுத் தேதிக்குள் கொடுக்க வேண்டும்.

ஆரம்பித்தது சண்டை. எங்கள் மில்லில் ரெண்டு யூனியன். ஒன்றுக்குத் தலைவர் பரமசிவன், ஸ்பின்னிங்கில் வேலை. ஆள் ஒல்லி, குரல் மட்டும் வெங்கலம். கேட்டுக்கு வெளியே ஸ்டூலைப் போட்டு ஏறி நின்று, "நீ உசுரோட இருந்தா ஒண்ணும் கெடையாது, செத்தாத்தான் துட்டு! உன் காச எடுத்து உன் சாவு மேலயே பந்தயம் கெட்டுதான், நீ அதுக்குக் கையெழுத்துப் போடுதியா?" என்று கேட்டார். கூட்டம் கை தட்டியது. மறுநாள் இன்னொரு யூனியன்காரன் அதே ஸ்டூலில் ஏறினான். "போன வருசம் செத்துப்போன மாரியப்பன் பொஞ்சாதி மூணு பிள்ளைய வச்சுக்கிட்டுப் பீடி சுத்துதா. அவ கைக்கு மாசம் ஒரு துட்டு வந்தாக் கசக்கவா செய்யும்?" என்றான். அதற்கும் கை தட்டினார்கள். எனக்கு ரெண்டும் சரியாகத்தான் பட்டது. ரெண்டும் சரியாக இருந்தால் மனுஷன் என்ன செய்வான்?

ஞானப்பிரகாசம் சார் மட்டும் வேறு மாதிரி ஆரம்பித்தார். "லிங்கம், இது குடும்பத்துக்கான பணம். பணம் யாருக்கு வரப்போகுதோ அவங்களுக்குத் தெரியாம ஒரு கையெழுத்துகூட வாங்கக் கூடாது. வீட்டம்மாமாரக் கூப்பிடுங்க" என்றார்.

"சார், பொம்பளைகளையா?"

"அவங்களத்தான்."

இதை விளக்கிப் பேச வெளியூரிலிருந்து ஒரு ஆபீசர் வந்தார். எங்கள் பக்கத்தில் ஒரு விசேஷம் உண்டு. வருஷம் பூரா எட்டிப் பார்க்காத ஆபீசருக்கெல்லாம் ஆனி ஆடியில் தென்காசிப் பக்கம் இன்ஸ்பெக்சன் வந்துவிடும். சாரல் விழ ஆரம்பித்தால் எங்கள் டைம் ஆபீசுக்கு ரெண்டு வேலை. ஒன்று டோக்கன், இன்னொன்று ஆபீசர்களுக்கு எண்ணெய் தேய்க்க ஆள் பார்ப்பது. அந்த மனுஷனும் விடியற்காலை மெயினருவியில் குளித்து, தலை ஈரம் காயாமல், முகமெல்லாம் சிரிப்பாக வந்து இறங்கினார்.

அன்றைக்கு ஆடி வெள்ளிக்கிழமை. அவருக்குத் தோதான நாள் அதுதானாம். கேன்டீனில் பெஞ்சு போட்டுக் கேசரி கிண்டி வைத்திருந்தோம். பெண்களெல்லாம் தலைக்குக் குளித்து, பூ வைத்து, நெற்றி நிறையக் குங்குமத்தோடு வந்திருந்தார்கள். பாதிப்பேர் இங்கிருந்து நேராகக் கோயிலுக்குப் போகத் தட்டோடு வந்திருந்தார்கள். ஆபீசர் எழுந்து மைக்கைப் பிடித்தார்.

"சகோதரிகளே, இது விதவைகளுக்காகவே கொண்டுவரப்பட்ட திட்டம். இப்போ உதாரணத்துக்கு, நாளைக்கே உங்க கணவர் இறந்துட்டார்னு வச்சுக்கங்க…"

அதற்கு மேல் அவரால் வைத்துக்கொள்ள முடியவில்லை. முன் பெஞ்சிலிருந்த ஒருத்தி தாலியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு எழுந்தாள். "வெள்ளியும் அதுவுமா என்ன வார்த்த பேசுதாம் பாரு, வெளங்காத மூதி!" என்று ஒரு குரல். "எந்திரிங்கட்டீ!" என்று இன்னொரு குரல். கண்ணை மூடித் திறப்பதற்குள் கேன்டீன் காலி. கேசரி அப்படியே இருந்தது. ஆபீசர் என்னைப் பார்த்து, "நான் என்னப்பா தப்பாச் சொல்லிட்டேன்?" என்று கேட்டார். பாவம், நிஜமாகவே அவருக்குத் தெரியவில்லை. "ஒண்ணுமில்ல சார், ஐந்தருவியில தண்ணி நல்லா விழுதாம். கெளம்புங்க" என்று காரில் ஏற்றிவிட்டேன்.

மறுநாள் காலை ஜன்னலில் டோக்கனோடு ஆளுக்கொரு பாட்டு. "அண்ணாச்சி, எம் பேர அதுல சேத்துராதீங்க. வீட்ல ஒல வைக்க மாட்டேங்கா." கையெழுத்துப் போடலாம் என்று இருந்தவனும் பின்வாங்கிவிட்டான். பரமசிவனுக்கு ஸ்டூலில் ஏறாமலே ஜெயம்.

சார் யாரையும் திட்டவில்லை. கிராம்பை மென்றுகொண்டு ரெண்டு நாள் யோசித்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஆராதனை முடிந்து, தன் வீட்டம்மாவையும் என்னையும் கூட்டிக்கொண்டு கிளம்பினார். அம்மா கையில் ஒரு தாம்பாளம். வெற்றிலை, பாக்கு, பழம், ஒரு முழம் பிச்சிப்பூ, மஞ்சள், குங்குமம். அதற்கு நடுவில் மடித்து வைத்த விருப்பப் பேப்பர். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "சார், நீங்க வேதக்காரரு. குங்குமத் தட்டத் தூக்கிட்டுப் போனா உங்க ஆள்களே ஒரு மாதிரி பேசுவாங்களே" என்றேன். "நாம அவங்க வீட்டுக்குத்தானே போறோம் லிங்கம்" என்றார்.

வீடு வீடாகப் போனோம். சாவு என்ற பேச்சையே அவர் எடுக்கவில்லை. தட்டைக் கொடுத்துவிட்டு, "அண்ணாச்சி சம்பாத்தியத்துல உங்க பேரும் ஏறணும்மா. அதுக்குத்தான் வந்தோம்" என்று ஆரம்பிப்பார். ரெண்டு தடவை வாசிப்பார். அந்தப் பெண் தன் வாயால் திருப்பிச் சொல்லுவாள். எந்த நேரத்தில் இந்தப் பணம் வரும் என்பது எல்லாருக்கும் தெரியும், ஆனால் யாரும் அந்த வார்த்தையைச் சொல்ல மாட்டார்கள். "ஒரு ஆவத்து வந்தா" என்பார்கள். அப்புறம் பேனாவை அவளிடம் கொடுப்பார். அவள் புருஷனிடம் கொடுப்பாள். வெற்றிலை பாக்கு வைத்துக் கையெழுத்து வாங்கிய லேபர் ஆபீசர் எங்கள் சார் ஒருத்தராகத்தான் இருப்பார். பரமசிவன் வீட்டில் கூட நடந்தது. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். அவர் சம்சாரம் பேனாவை நீட்டி, "கேட்டுல ஸ்டூல் மேல நின்னு பேசுத பேச்செல்லாம் இங்கன பேசாதீரும். போடும் கையெழுத்த" என்றாள். போட்டார்.

கடைசியில் நின்றது சுடலைமுத்து வீடு.

சுடலைக்கு ப்ளோ ரூமில் வேலை. பஞ்சுப் பொதியைப் பிரித்து அடிக்கிற இடம் அது. உள்ளே போனால் மூச்சில் பஞ்சு, கண் இமையில் பஞ்சு. அவனுக்கு அப்போதே நெஞ்சில் கோளாறு. ஷிப்ட் முடிந்து கேட்டைத் தாண்டுவதற்குள் ரெண்டு இடத்தில் நின்று இருமுவான். ரொம்ப நாள் தாங்காது என்று மில் டாக்டரே சாரிடம் சொல்லியிருந்தார். இந்தத் திட்டம் யாருக்குத் தேவையோ இல்லையோ, அவன் பெண்டாட்டி பேச்சியம்மாளுக்குத் தேவை. ரெண்டு பெண், ஒரு பையன். நிலம் நீச்சு கிடையாது.

பேச்சியம்மாள் தட்டை வாங்கிக்கொண்டாள், பூவைக் கொண்டையில் செருகிக்கொண்டாள், எங்களுக்குக் காப்பி கொடுத்தாள். சார் வாசிப்பதை ரெண்டு தடவையும் கேட்டாள். திருப்பிச் சொல்லச் சொன்னபோது எங்கள் மில்லிலேயே யாரும் அவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. சொல்லிவிட்டுப் பேனாவைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள்.

"ஏன் மதினி, வாங்குங்க" என்றேன்.

"சார், தப்பா நெனைக்காதீங்க. நான் பூவோடயும் பொட்டோடயும் போயிரணும்னு அம்மன்கிட்ட கேட்டுருக்கேன். அவ குடுப்பா. அப்ப இந்தப் பணம் யாருக்கு?"

சார் பேனா மூடியை மூடினார்.

"இவுகளுக்கு ஒரு ஆவத்துன்னா எனக்குத் துட்டு வரும், சரி. நான் பீடி சுத்தியாவது பொழைச்சுக்கிடுவேன். நான் முன்னால போயிட்டா இந்த மனுசனுக்கு யாரு கஞ்சி ஊத்துவா? வேல போயிரும், வயசாயிரும், இருமிக்கிட்டுக் கெடப்பாக. ஒரு காப்பி போடத் தெரியாது. அதுக்கு ஒரு பேப்பர் இருக்கா உங்ககிட்ட?"

சுடலை, "ஏட்டி, சார்கிட்ட என்ன பேச்சு இது?" என்றான். இருமல் வந்துவிட்டது. அவள் எழுந்து போய் அவன் முதுகைத் தடவிவிட்டாள்.

ஞானப்பிரகாசம் சார் எழுந்து நின்றார். "இல்லம்மா. அதுக்குப் பேப்பர் இன்னும் வரல" என்றார்.

"வந்தாக் கொண்டாங்க. நானே பேனாவ எடுத்துக் குடுக்கேன்" என்றாள்.

மறுநாள்தான் கெடுவுக்குக் கடைசி நாள். சுடலை மத்தியான இடைவேளையில் ஓடி வந்தான். "சார், நான் போட்டுருதேன். அவளுக்குத் தெரிய வேண்டாம். எனக்குத் தெரியும் சார் என் ஒடம்பு." பேப்பர் என் மேஜையில் தயாராக இருந்தது. நான் எடுத்து நீட்டினேன். சார் அதன் மேல் கையை வைத்துக்கொண்டார். "பேச்சியம்மாவக் கூட்டிட்டு வா. இல்லன்னா வேண்டாம்."

சுடலை போன பிறகு நான் கத்திவிட்டேன். ஆபீசர் என்றும் பார்க்கவில்லை. "உங்க ஒழுங்க வச்சு ஊறுகாயா போடப் போறா அந்தப் பொம்பள? நாளைக்கு இவன் போயிட்டா நடுத்தெருவுல நிப்பா சார்! ஒரு கையெழுத்துல தீர்ற காரியம்!"

"அவ ஒரு கேள்வி கேட்டா. எனக்குப் பதில் தெரியல. பதில் தெரியாதவன் திருட்டுத்தனமாக் கையெழுத்து வாங்கலாமா?" என்றார்.

"பதிலு சோறு போடுமா சார்?"

சாயங்காலம் சங்கு ஊதியது. கெடு முடிந்தது. ஒரு மாசம் நான் அவரோடு வேலைப் பேச்சைத் தவிர வேறு பேசவில்லை. அன்றைக்கு யார் செய்தது சரி என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியாது.

சுடலைமுத்து சாகவில்லை! டாக்டர் சொன்னதையெல்லாம் பொய்யாக்கிவிட்டு, இருமிக்கொண்டே வேலை பார்த்து, எண்பதுகளின் நடுவில் மாலை மரியாதையோடு ரிட்டயர் ஆனான். எங்கள் மில்லில் ரிட்டயர் ஆகிறவனை எண்ணெய் தேய்த்து மெயினருவிக்குக் கூட்டிப்போய்க் குளிப்பாட்டி, புது வேட்டி கட்டி வீட்டில் கொண்டு விடுவோம். அருவிக்கு அடியில் நின்று சுடலை சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தான். வாசலில் பேச்சியம்மாள் ஆரத்தி எடுத்தாள். என்னைப் பார்த்து, "என்ன கொழுந்தனாரே, உங்க பேப்பர்ல கையெழுத்துப் போட்டிருந்தா இந்தக் காச்சியப் பாத்திருப்பீகளா?" என்று கேலி பண்ணினாள். எனக்கும் சிரிப்புத்தான்.

மொத்தமாக வந்த பணம் எப்படிப் போகும் என்று எல்லாருக்கும் தெரியும். ரெண்டு பெண்களுக்குக் கல்யாணம். பையன் பம்பாய்க்குப் போகச் செலவு. கூரையை எடுத்துவிட்டு ஓடு. ஒரு பைசா கூட அவன் வீணாக்கவில்லை. பணம்தான் இல்லை.

அப்புறம் ஒரு மழைக்காலத்தில் பேச்சியம்மாளுக்குக் காய்ச்சல். நாலு நாள்தான் கிடந்தாள். பூவும் மஞ்சளுமாக அவளைக் கொண்டு போனோம். "கேட்டதக் குடுத்துட்டா அம்மன். மகராசி, குடுத்து வச்சவ" என்று பெண்கள் அழுதார்கள். எனக்கு அழுகை அதனால் வரவில்லை. வாசல்படியில் உட்கார்ந்திருந்த சுடலையைப் பார்த்துத்தான் வந்தது. யாரோ காப்பி கொடுத்திருந்தார்கள். தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்க வேண்டும் என்பதே தெரியாமல் இருந்தான்.

பையன் பம்பாய்க்குக் கூட்டிப் போனான். ஒற்றை அறையில் மருமகளும் பிள்ளைகளும் இருக்க இவன் எங்கே படுப்பான்? திரும்பி வந்துவிட்டான். பெண்கள் வீட்டில் போய் இருக்க மனசில்லை. அப்புறம் மத்தியானச் சங்கு ஊதும்போதெல்லாம் மில் கேட்டுக்கு எதிரே நிற்க ஆரம்பித்தான். சலவைச் சட்டை, நெற்றியில் திருநீறு. பழைய ஆட்கள் தூக்குச்சட்டியோடு வெளியே வந்தால், "சும்மா உங்களப் பாக்கலாம்னு வந்தேன்டே" என்பான். "வாரும், ஒரு வாய் சாப்பிடும்" என்றால், "இப்பத்தான் சாப்பிட்டேன்" என்பான். ரெண்டாம் தடவை கூப்பிட்டால் உட்கார்ந்துவிடுவான். ப்ளோ ரூம் ஆட்கள் வீட்டில் சொல்லி, தினம் ஒருத்தன் கூடுதலாகக் கட்டிக்கொண்டு வந்தான். அதை அவனிடம் யாரும் சொன்னதில்லை. "வீட்ல இன்னைக்கு அதிகமா வச்சுட்டா" என்று மட்டும் சொல்லுவார்கள்.

எண்பதுகள் முடிகிற சமயத்தில் ரெண்டு யூனியனும் சேர்ந்து குற்றாலத்தில் மாநாடு போட்டன. உயிரோடு இருக்கும்போதே மாசப் பென்ஷன் வேண்டும் என்று தீர்மானம். தலைமை பரமசிவன். தலை பூரா நரைத்து, அவரும் ரிட்டயர் ஆகப் போகிற நேரம். சாரல் சீசன். மண்டபத்திலிருந்து கேட்டால் அருவிச் சத்தம் காதில் விழும். வந்தவன் எல்லாம் தோளில் துண்டும் பையில் எண்ணெய்ப் பாட்டிலுமாக வந்திருந்தான். பதினோரு மணிக்கே பின் வரிசை காலியாக ஆரம்பித்தது. மேடையில் ஒரு இளவட்டம், "மாசம் கொஞ்சங் கொஞ்சமாக் குடுத்தா பொண்ண எப்படிக் கெட்டிக்குடுக்க? மொத்தமாக் குடு, நாங்க பாத்துக்கிடுதோம்!" என்று கத்தினான். அதற்கும் கை தட்டு. அவன் சொன்னதும் பொய்யில்லை.

நான் சுடலையை அழைத்துக்கொண்டு போயிருந்தேன். முன் வரிசையில் ஞானப்பிரகாசம் சார். ரிட்டயர் ஆகி ஊரோடு போயிருந்தவர், சுரண்டையிலிருந்து பஸ் பிடித்து வந்திருந்தார். சட்டைக் காலர் திருப்பித் தைத்தது என்பது அப்போதுதான் என் கண்ணில் பட்டது. ஆபீசராக இருந்தவருக்கும் மாசப் பென்ஷன் ஏது? மொத்தமாக வாங்கினார், பிள்ளைகளுக்குச் செய்தார், அவ்வளவுதான்.

பரமசிவன் மைக்கைப் பிடித்து, "நம்ம ப்ளோ ரூம் சுடலைமுத்து அண்ணாச்சி ஒரு வார்த்தை பேசுவார்" என்றார். அவனுக்குப் பேச வராது என்று எனக்குத் தெரியும். கைத்தாங்கலாக ஏற்றிவிட்டேன். மைக்கைப் பார்த்ததும் இருமல் பிடித்துக்கொண்டது. இருமி முடிக்கும் வரைக்கும் மண்டபம் காத்திருந்தது. பின்னால் ரெண்டு பேர் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார்கள்.

சுடலை கூட்டத்தைப் பார்க்கவில்லை. முன் வரிசையைப் பார்த்தான்.

"சார், அன்னைக்கு என் பொஞ்சாதி உங்ககிட்ட ஒரு பேப்பர் கேட்டா. நான் முன்னால போயிட்டா இவுகளுக்கு யாரு கஞ்சி ஊத்துவான்னு கேட்டா. இன்னும் வரலம்மான்னு சொன்னீக." மூச்சு வாங்கினான். "அவ போயிட்டா சார். அந்தப் பேப்பர் வந்துட்டா?"

ஞானப்பிரகாசம் சார், நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்து நின்றார்.

"இன்னும் வரல சுடலை."

"சரி சார்" என்றான் சுடலை. "வந்தாச் சொல்லுங்க."

அன்றைக்கு மெயினருவியில் நல்ல தண்ணீர். தீர்மானத்துக்குக் கை தூக்கி முடிகிற வரைக்கும் மண்டபத்திலிருந்து ஒருத்தன் கூடக் குளிக்கப் போகவில்லை.